ரெண்டு விரல் இடைவெளி

அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி அந்தக் குதிரைச் சவாரி கிளப்பில் எல்லோருக்கும் அவள் ரெண்டுவிரல் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேனும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதல் ஒரு வருஷம் அவளுக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, வெளியே சொல்லமாட்டாள், பெருமையாகவே இருந்தது.

வார நாட்களில் லாயத்தின் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்தக் குதிரைக்கு எப்போது லாடம் மாற்றினார்கள், எது தீனியை மிச்சம் வைத்தது, எதற்கு இருமல் என்று எழுதி வைப்பாள். போட்டி நாட்களில்தான் அந்த விரல்களுக்கு வேலை. மைதானத்துக்குள் போக இரண்டு கேட் உண்டு. இடது கேட்டில் அவள், வலது கேட்டில் தொழிலை விட்டு ஓய்ந்திருந்த பழைய லாடக்காரர். குதிரையின் முகத்தில் கட்டியிருக்கும் மூக்குப்பட்டிக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்தாற்போல நுழைய வேண்டும். அதுதான் விதி. நுழைந்தால் உள்ளே போகலாம். நுழையாவிட்டால் பட்டியை ஒரு துளை தளர்த்திக் கட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும்.

மூக்குப்பட்டி எதற்கு என்று தெருவில் போகிற யாரைக் கேட்டாலும், குதிரையைப் பிடித்து நிறுத்த என்பார்கள். வேலைக்கு வந்த புதிதில் அவளும் அப்படித்தான் நினைத்தாள். பிடித்து நிறுத்துவதற்கும் அந்தப் பட்டிக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. சவாரிக்காரர் கையில் இருக்கும் வார், குதிரையின் வாய்க்குள் கிடக்கும் கடிவாள இரும்பில் போய் முடிகிறது. இழுத்தால் இரும்பு நாக்கிலும் ஈறிலும் அழுத்தும். அழுத்தினால் குதிரை என்ன செய்யும்? வாயைத் திறக்கும், நாக்கை வெளியே தள்ளும், தாடையைக் கோணும். அதைப் பார்த்தால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். வாய் அளவுக்கு மீறித் திறந்துகொள்ளாமல், இரும்பு இடம் மாறாமல் இருக்கத்தான் மூக்கைச் சுற்றி இந்தப் பட்டி. தளர்வாகக் கட்டினால் நல்லதுதான். இறுக்கிக் கட்டினால் புகார்ப் பெட்டிக்குப் பூட்டுப் போட்ட மாதிரி. வலி இருக்கும், வெளியே தெரியாது. தெரியாத வலிக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. அதனால் போட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு துளை கூடுதலாக இறுக்கிப் பார்க்கும் சபலம் எப்போதும் உண்டு. அந்தச் சபலத்துக்குக் குறுக்கே நிற்பதுதான் ரெண்டுவிரலின் உத்தியோகம்.

பதினோரு வருஷமாக நின்றாள். அவள் கேட்டில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் காத்திருக்கும். லாடக்காரர் தன் கேட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் போனால் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுவார், கெடுபிடி, வாயும் கொஞ்சம் நீளம் என்று பேச்சு. ரெண்டுவிரல் அக்கா அப்படியில்லை, கைராசிக்காரி, குதிரையோடு பேசிக்கொண்டே பார்ப்பாள், இதமான கை. இதை யாராவது சொல்லும்போது கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடப்பாள். லாடக்காரர் மேல் அவளுக்கு இரக்கம்கூட உண்டு. கொஞ்சம் தன்மையாகப் பேசினால் அவரிடமும் நாலு பேர் வரமாட்டார்களா என்று கணவரிடம் சொல்லியிருக்கிறாள்.

கணவர் குதிரைகளுக்குப் பல் பார்ப்பவர். கிளப்பிலும் வெளி லாயங்களிலும் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். குதிரையின் கடைவாய்ப் பற்களில் நாளாக ஆகக் கூர் விளிம்பு வந்துவிடும். அதை நீளமான அரத்தால் ராவி மழுக்குவது அவர் தொழில். வீட்டில் அவர் பேசுவதே குறைவு, பேசினால் பல்லைப் பற்றிப் பேசுவார். கல்யாணமான புதிதில் அவர் போட்ட மோதிரம் அவள் விரலில் நிற்காமல் பாத்திரம் கழுவும் தொட்டியில் இரண்டு தரம் விழுந்தது. வெண்டைக்காய் விரல், மோதிரத்தை மாற்றுவதைவிட விரலை மாற்றிவிடலாம் என்று நாத்தனார் கிண்டலடித்தாள். அன்றைக்கு மோதிரத்தின் அடிப்பக்கம் சுற்றிய நூலை இன்றைக்கும் அது நைந்தால் மாற்றிச் சுற்றிக்கொள்வாள். மற்றபடி விரல் மெலிசு என்பதில் யோசிக்க ஏதாவது இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரே ஒரு தரம் தோன்றியிருக்கலாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் சாப்பிடும்போது அவர் ஒரு விஷயம் கேட்டார். கிளப் குதிரைகளின் கன்னத்து உள்பக்கம் நிறையப் புண் இருக்கிறது, வெளி லாயங்களில் இவ்வளவு இல்லை, மூக்குப்பட்டியை இறுக்குகிறார்களோ என்றார். பட்டி இறுகினால் கன்னம் பல்லோடு சேர்ந்து நசுங்கும். அவள் சிரித்தாள். இரண்டு விரலையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டி, இதை ஏமாற்றிவிட்டு ஒரு குதிரை உள்ளே போகமுடியாது என்றாள். அவர் நம்பினார். பட்டி சரியென்றால் தப்பு பல்லில்தான் என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக ராவினார்.

கிளப்பில் சாம்பல் என்று ஒரு குதிரை இருந்தது. நிறமும் அதுதான், பெயரும் அதுதான். அவள் கேட்டில் நிற்க ஆரம்பித்த அதே வருஷம் வந்து சேர்ந்தது. இரண்டு வருஷமாக அதன் போக்கு சரியில்லை. தலையை உதறியது. திரும்பச் சொன்ன பக்கம் திரும்பவில்லை. போன மாதம் ஒரு சவாரிக்காரரை வேலியோரம் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி தனியாக லாயத்துக்கு நடந்து வந்துவிட்டது. கமிட்டி மூன்று பேரிடம் அறிக்கை கேட்டது. குளம்பு நன்றாக இருக்கிறது என்று லாடக்காரர் எழுதிக் கொடுத்தார். பல் ராவிச் சீராக இருக்கிறது என்று பல்லுக்காரர். மூக்குப்பட்டி விதிப்படி தளர்வாகவே இருக்கிறது என்று அவள். மூன்றும் சரியென்றால் மிச்சம் இருப்பது குதிரையின் குணம். குணம் கெட்ட குதிரையைக் கிளப் வைத்துக்கொள்ளாது. சனிக்கிழமை கூடித் தீர்மானம் போட்டால் திங்கட்கிழமை தரகரின் வண்டி வந்துவிடும். அந்த வண்டியில் ஏறிய குதிரை எதுவும் திரும்பி வந்ததாக அவள் பதிவேட்டில் இல்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் பார்சல் வந்தது. இனி எல்லாப் போட்டிகளிலும் விரலுக்குப் பதில் அளவுகோல் என்று மேலிடத்து உத்தரவு. கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் ஆப்பு, நுனி மெலிசு, போகப் போகத் தடிப்பு, நடுவில் ஒரு சிவப்புக் கோடு. பட்டிக்கு அடியில் அந்தக் கோடு வரைக்கும் போனால் சரி. செயலாளர் அதை அவளிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குள் கையைப் பழக்கிக்கொள்ளச் சொன்னார். இதில் பழக என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே லாயத்துக்குப் போனாள்.

கதவை ஒட்டி நின்றது சாம்பல். கடிவாளத்தை மாட்டி, மூக்குப்பட்டியை வழக்கமான துளையில் பூட்டினாள். வழக்கமான துளை எது என்று தேட வேண்டியதில்லை, அது ஒன்றுதான் இழுபட்டு நீண்டிருந்தது. விரல்களை நுழைத்தாள். தடையில்லாமல் போயின. சாம்பல் தலையை மேலே உதறியது. அது எப்போதும் செய்வதுதான். "கூச்சக்காரா" என்று எப்போதும்போல ஒரு தட்டுத் தட்டினாள். அப்புறம் ஆப்பை நுழைத்தாள். அது கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது.

ஆப்பில்தான் கோளாறு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதை எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் அறைக்குப் போனாள். வேலை இல்லாத நாளிலும் லாடக்காரர் அங்கே டீ குடிக்க வந்துவிடுவார். விரலை நம்பியவர்களுக்கெல்லாம் ஆப்பு வைத்துவிட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தபடி அவர் அதை வாங்கித் தன் விரல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிவப்புக் கோட்டைவிட அவை தடிப்பு. ஒழுங்காக வந்தவர்களிலும் சிலரை வீணாகத் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

"சுத்தியல் பிடிச்ச கை. நான் தப்பாப் பாத்தா குதிரைக்கு ஒரு துளை லாபம், அவ்வளவுதானே," என்றார். "எங்க, உன்னோடதக் காட்டு தங்கச்சி."

அவள் காட்டினாள். கோடு அங்கே இருந்தது, அவள் விரல்களின் தடிமன் இங்கே இருந்தது. நடுவே ஒரு கட்டைவிரல் நகத்து நீளம். லாடக்காரர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தார். 

மத்தியானத்துக்குள் லாயத்தில் இருந்த இருபத்து மூன்று குதிரைகளையும் பார்த்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் அதன் தேய்ந்த துளையில் பட்டியைப் பூட்டி, ஆப்பை நுழைத்தாள். ஏழு தேறின. அந்த ஏழில் ஐந்து, ஏனோ பிடிவாதமாக லாடக்காரர் கேட்டுக்கே போகிறவர்கள் ஏறும் குதிரைகள். தீவனக் கிடங்கு வாசலில் கவிழ்ந்து கிடந்த வாளி மேல் உட்கார்ந்தாள். கைராசி, இதமான கை, குதிரையோடு பேசும் பேச்சு எல்லாம் நினைவுக்கு வந்தன. இத்தனை வருஷம் அவள் வரிசை நீளமாக இருந்தது அதற்காக இல்லை. விரல் மெலிசு என்பதற்காக. இது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும், தெரியாத ஒரே ஆள் தான்தான் என்று நினைத்தபோது காது மடல் சுட்டது. முதலில் வந்தது அவமானம். குதிரைகளை நினைத்து வருத்தம் அதற்கு அப்புறம்தான் வந்தது. வருத்தம் பின்னால் நின்ற அந்த வரிசை அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கணவரின் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வாயைப் படம் வரைந்து, புண் இருந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்திருப்பார். நேர்த்தியான கை. சாம்பலின் பக்கத்தில் இரண்டு கன்னத்திலும் அம்மை போட்டாற்போலப் புள்ளிகள். ராவிய தேதிகளை எண்ணினாள், பதினேழு இருந்தன. அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். ஆப்பை மேஜை மேல் வைத்துப் பக்கத்தில் விரல்களையும் வைத்துக் காட்டினாள். மோதிரத்தில் சுற்றிய நூலை அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"குதிரைப் பல்லு தேயத் தேய ஈறுலேர்ந்து வெளிய வந்துகிட்டே இருக்கும். ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு," என்றார். "அந்த அளவுல முக்காவாசிய நானே ராவித் தீத்துட்டேன். நீ சரின்னு சொன்னியேன்னு."

நோட்டை வாங்கி மூடி அலமாரியில் வைத்தார். சாதம் ஆறிக் கிடந்தது. சனிக்கிழமை என்ன செய்யப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பேச்சோடு அவருடைய அறிக்கையும் சேர்ந்து பொய்யாகும். கிளப்பின் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் பதினோரு வருஷத்து வெற்றிக் கோப்பைகளை ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை, சாம்பலைத் தவிர. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் சாவி எங்கே, சட்டை எங்கே என்பதற்கு மேல் வீட்டில் பேச்சு எழவில்லை.

சனிக்கிழமை காலையில் கூட்டத்துக்கு முன்பே செயலாளரைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அவர் எதையும் யாருக்கும் நோகாமல் முடிக்கத் தெரிந்தவர். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இனிமேல்தான் அளவுகோல் வந்துவிட்டதே, நடந்ததைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்றார். அக்காவின் பெயர் கெடுவதை யாரும் விரும்பவில்லை, சாம்பலுக்கும் வயதாகிவிட்டதே என்றும் சொன்னார். அவள் வெளியே வந்தாள். நேரே லாயத்துக்குப் போய், சாம்பலுக்குத் தேய்ந்த துளையில் மூக்குப்பட்டியைப் பூட்டி, கூட்ட அறையின் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினாள். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும், அறிக்கை கொடுத்தவர்கள் என்ற முறையில் வந்திருந்த லாடக்காரரும் பல்லுக்காரரும் எழுந்து வெளியே வந்தார்கள். செயலாளரிடம், நீங்களே ஒரு தரம் விரலை வைத்துப் பார்த்துவிடுங்கள் என்றாள்.

செயலாளர் ஒன்பது வருஷமாகக் கிளப்பை நடத்துகிறவர். குதிரையின் மூக்கைத் தொடுவது அதுதான் முதல் தடவை என்பது கையைக் கொண்டுபோன விதத்திலேயே தெரிந்தது. ஒரு விரல் போனது. இரண்டாவது விரல் நகத்தோடு நின்றது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். சாம்பல் தலையை உதறியதில் அவர் சட்டையெல்லாம் எச்சில். கட்டினவர்கள் சரியாகக் கட்டவில்லை போலிருக்கிறது என்றார்.

"எப்பவும் கட்டுற துளைதாங்க. நான் சரின்னு விட்ட துளை," என்றாள் அவள். "என் விரல் மெலிசு. பதினோரு வருஷமா என் கேட்டுல தப்பாத்தான் பாத்திருக்கேன். என் அறிக்கைய நம்பி அது மேல பழி போடாதீங்க."

   பின்னால் நின்ற பல்லுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்னோட அறிக்கையையும் கிழிச்சுடுங்க," என்றார்.

குளம்பு மட்டும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று லாடக்காரர் சொன்னதற்கு ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் அவரை முறைத்தார்கள்.

கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. சாம்பலை ஆறு மாதம் போட்டியில்லாமல், தளர்ந்த பட்டியோடு வைத்துப் பார்ப்பது என்று முடிவு. அதற்கு அப்புறம் என்ன என்று எழுதவில்லை. பழைய கோப்பைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளைக் கேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அளவுகோல் வந்துவிட்டபடியால் ஒரு பரிசோதகரே போதும் என்று தீர்மானப் புத்தகத்தில் காரணம் எழுதினார்கள். லாயத்துப் பதிவேடு அவள் பொறுப்பிலேயே இருந்தது. அதில் சாம்பலின் பக்கத்தில் தேதி போட்டு, மூக்குப்பட்டி இறுக்கம், பரிசோதகர் பிழை என்று மையால் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாக் குதிரைகளும் ஒரே கேட்டில் நின்றன. லாடக்காரர் ஆப்போடு நின்று அனுபவித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். வரிசையின் முணுமுணுப்பு லாயம் வரைக்கும் கேட்டது. அவள் தீனிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பல்லுக்காரர் கைவிளக்கோடு வந்து, சாம்பலைப் பார்க்கப் போகிறேன், வா என்றார். சாவி, சட்டை தவிர்த்து அவராக அவளிடம் பேசியது நாலு நாளில் அதுதான் முதல் தடவை.

சாம்பல் முகத்தில் ஒன்றும் கட்டாமல் நின்றுகொண்டிருந்தது. தாடையை இடமும் வலமுமாக அசைத்தது. பிறகு கழுத்தை நீட்டி, கண்ணைச் சொருகி, கடைசிப் பல் தெரிகிற அளவுக்கு வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. இன்னொன்று விட்டது. பதினோரு வருஷம் அதன் முகத்துக்கு நேரே நின்றவள் அந்த வாய்க்குள் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. பல்லுக்காரர் விளக்கைப் பிடித்தார். கன்னத்தின் உள்பக்கம் பழைய தழும்புகள் வெள்ளையாகவும், போன வாரத்துப் புண் சிவப்பாகவும் தெரிந்தன.

"என் விரல் தடி, அந்த இடத்துக்குப் போகாது," என்றார். "நீ தொட்டுப் பாரு."

அவள் உதட்டோரமாக இரண்டு விரலையும் மெல்ல நுழைத்தாள். சுலபமாகப் போயின. கன்னத்தில் கயிற்று முடிச்சுப்போல ஒன்று தட்டுப்பட்டது. அதற்கு மேலே ஈரமான ஒரு பள்ளம். அதில் விரல் பட்டதும் சாம்பல் தலையை மேலே உதறிக்கொண்டது, கேட்டில் எத்தனையோ தடவை உதறின அதே மாதிரி. பழக்கத்தில் கூச்சக்காரா என்ற அந்தப் பழைய வார்த்தை அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"வலிக்குதுங்க அதுக்கு," என்றாள்.